நடந்ததை எழுதி வைத்தவர்கள்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில் சென்னீர்குப்பம் என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டால் நீரும் வயலும் மனக் கண்ணில் தோன்றும். நேரில் போனால் அடுக்குமாடி வீடுகளும், அவற்றுக்குத் தண்ணீர் சுமந்து வரும் டாங்கர் லாரிகளும்தான் தென்படும். பல மனிதர்களின் பெயருக்கும் குணத்துக்கும் என்ன உறவோ, அதே உறவுதான் பல ஊர்களின் பெயருக்கும் ஊருக்கும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த ஊரில் என் தங்கை மகன் குடியிருக்கிறான். அம்பத்தூரில் வேலை. ஊர் தூங்கப் போகும் நேரத்தில் இவன் வேலைக்குப் புறப்படுவான். ஊர் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் வந்து படுப்பான். என்ன வேலை என்று அவன் தாயாருக்கே சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டருக்குக் காவலாம்" என்பாள். போன தடவை அங்கே போயிருந்தபோது நானே கேட்டு விட்டேன்.

"லாக் படிக்கிற வேலை, மாமா" என்றான்.

"பூட்டைத் திறப்பார்கள், உடைப்பார்கள். படிப்பார்களா என்ன?"

அவன் சிரித்து விட்டான். "பூட்டு இல்லை, மாமா. இது வேறே லாக். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் நடக்கிறதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். இத்தனை மணிக்கு இன்னார் உள்ளே வந்தார், இந்தக் கோப்பைத் திறந்தார், இன்னார் தப்பான கடவுச்சொல் போட்டார் என்று. அந்தப் பதிவுக்குத்தான் லாக் என்று பேர். ராத்திரி முழுக்க அதைப் பார்த்துத் திருடன் வந்தானா என்று சொல்வதுதான் என் வேலை."

"அதாவது, வாட்ச்மேன் வேலை" என்றேன்.

வழக்கமாக இந்த மாதிரி கேலிக்கு அவனும் பதிலுக்குக் கேலி செய்வான். அன்று அவன் முகம் வாடிப் போயிற்று. அப்போதுதான் அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன் பெரியவருடைய கதையைச் சொன்னான்.

பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். முன் வாசலில் இரவுக் காவல். இரண்டு வாரத்துக்கு முன் ஓர் இரவு, குடியிருப்பிலிருந்து ஒரு புது மோட்டார் சைக்கிள் காணாமல் போய்விட்டது. சங்கத்துக்காரர்கள் காமிராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். 2.31 மணிக்குப் பெரியவரின் நாற்காலி காலி. 2.36-க்கு ஓர் உருவம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. இருட்டில் முகம் தெரியவில்லை. பெரியவருடைய நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். "2.40 – தண்ணி லாரி பின் கேட்டுல மாட்டிக்கிச்சு. கூப்பிட்டாங்க. போனேன். 2.55 – வந்தேன்" என்று எழுதியிருந்தது. "2.40 வரையில் நாற்காலியில் இருந்ததாக நீ எழுதியிருக்கிறாய். 2.31-க்கே நாற்காலி காலி. வண்டி போனது 2.36-க்கு. ஆகவே நீ பொய் எழுதியிருக்கிறாய்" என்றார்கள். அன்றே கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லி அவரை அனுப்பி விட்டார்கள். சம்பள பாக்கிகூட அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லை, மாமா" என்றான் பையன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனால்தான் பதிவைப் பார்க்க வேண்டும் என்கிறேன்."

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள், ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் நல்லவர் என்று தீர்மானித்து விடுவோம். சங்கத்துக்காரர்கள் ஒருவர் சட்டையைப் பார்த்து அவர் கெட்டவர் என்று தீர்மானித்து விடுகிறார்கள். பையனோ ஆளைப் பற்றிய பேச்சையே ஒதுக்கி வைத்து விட்டு, நடந்தது என்ன என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அன்று மாலை அவனிடம் கேட்டதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

'லாக்' என்றால் முதலில் மரக்கட்டைதான். பழைய காலத்து மாலுமிகள் கயிற்றில் கட்டிய ஒரு கட்டையைக் கடலில் எறிவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு கயிறு ஓடியது என்று பார்த்துக் கப்பலின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். அதை எழுதி வைத்த நோட்டுக்குக் கட்டையின் பெயரே வந்து சேர்ந்தது. பிறகு காற்று, மழை, கலகம், சாவு எல்லாமே அந்த நோட்டில் ஏறின. கடலில் விட்ட கட்டை இன்று கம்ப்யூட்டரில் வந்து ஒதுங்கியிருக்கிறது.

எழுதி வைப்பது நமக்கும் புதிதல்ல. ஊருக்கு ஒரு கணக்குப்பிள்ளை, அவர் கையில் ஓலை. ஆனால் ஒவ்வோர் ஊர்க் கணக்கும் அந்தந்த ஊரின் போக்கில் இருக்கும். 1763-இல் செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தச் சீமையை 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அளந்து கணக்கெடுத்தார். சுமார் 2,000 ஊர்கள். வீடு எத்தனை, என்ன தொழில் செய்பவர்கள் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, மானியம் யாருக்கு என்று எல்லா ஊர்களிடமும் ஒரே கேள்விகள். கம்பெனிக்கு அதில் இருந்த நோக்கம் வரி வசூல்தான், ஊர்மேல் உள்ள பாசமல்ல. ஆனாலும் கேள்வி ஒன்றாக இருந்ததால், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஊரை மற்றோர் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. பிறகு வந்த கர்ணங்கள் எழுதிய அடங்கலும் சிட்டாவும் இதே முறையில் வந்தவைதான். 1980-இல் தமிழ்நாட்டில் கர்ணம் பதவியே ஒழிந்தது. அடங்கலும் சிட்டாவும் ஒழியவில்லை. எழுதுகிறவர் போய்விட்டாலும் படிவம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

படிவம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நம் வீட்டுப் பழைய கடிதங்களைப் பாருங்கள். "விரோதி வருஷம் ஆடி மாதம் பத்தாம் தேதி" என்று தாத்தா அழகாக எழுதியிருப்பார். எந்த விரோதி? 1949-இலும் ஒரு விரோதி பிறந்தது. 2009-இலும் ஒரு விரோதி பிறந்தது. எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை. படிக்கிறவருக்கு அறுபது வருஷக் குழப்பம். இதைச் சொன்னபோது பையன் துள்ளிக் குதித்தான். கம்ப்யூட்டர்களிலும் இதே கூத்து உண்டாம். 'சிஸ்லாக்' என்ற பழைய பதிவு முறையில் மாதம் இருக்கும், தேதி இருக்கும், மணி, நிமிஷம், விநாடி எல்லாம் இருக்கும். ஆண்டு மட்டும் இராது! எந்த நாட்டு மணி என்பதும் இராது.

மணி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் ஒரு வானாய்வுக் கூடம் கட்டினார்கள். அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த நேரத்துக்கு 'மெட்ராஸ் டைம்' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் இந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஓடின. ஆனால் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி உள்ளூர் நேரம் இருந்தது. 1906-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று வைத்தார்கள். அந்த நேரத்துக்கும் பழைய மெட்ராஸ் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்பது நிமிஷம். இந்த ஒன்பது நிமிஷத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நடந்ததை வகைப்படுத்தி எண் கொடுப்பதிலும் நாம் பழகியவர்கள்தான். மெக்காலே தலைமையில் 1837-இல் எழுதி முடித்த நகல், 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அன்று முதல் கொலை என்றால் 302, திருட்டு என்றால் 379, ஏமாற்று என்றால் 420. சென்னை ஸ்டேஷனில் எழுதினாலும் லாகூர் ஸ்டேஷனில் எழுதினாலும் எண் ஒன்றே. சட்டப் புத்தகத்தைக் கண்ணால் காணாதவர்கூட, "அவன் சரியான ஃபோர் ட்வென்டி" என்றால் புரிந்துகொள்வார். ஓர் எண் மொழியாகவே ஆகிவிட்டது! 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டம் வந்து விட்டது. இப்போது கொலைக்கு 103, திருட்டுக்கு 303, ஏமாற்றுக்கு 318. ஜனங்களின் வாயில் 420 இன்னும் பல காலம் இருக்கும். ஆனால் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் இல்லாமல் காரியம் நடக்காது. பட்டியல் தவறினால் பழைய கொலை புதிய கணக்கில் திருட்டாகிவிடும்.

"எங்களுக்கும் இதே கதைதான், மாமா" என்றான் பையன். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒருவர் சரியாக உள்ளே நுழைந்தால் 528 என்று எழுதும். தப்பான கடவுச்சொல் போட்டால் 529. பிறகு வந்த விண்டோஸில் அவையே 4624, 4625 ஆகிவிட்டன. பழைய எண்ணோடு 4096-ஐக் கூட்டினால் புதிய எண். லினக்ஸ் கம்ப்யூட்டரோ எண்ணே போடாது. இன்னாருக்கான கடவுச்சொல் தவறு என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதும். வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் என்ற கருவி, 'மறுத்தேன்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளும். ஒரே திருடன் ஒரே இரவில் மூன்று கதவைத் தட்டியிருப்பான். மூன்று காவலர்களும் மூன்று பாஷையில் எழுதியிருப்பார்கள். தனித்தனியே படித்தால் மூன்றும் அற்ப விஷயம். சேர்த்துப் படித்தால்தான் திருட்டு.

சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற ஞானம் உலகத்துக்கு மெல்லத்தான் வந்தது. 1980-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்கர், கணக்குப் பார்ப்பதற்காகக் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் பதிவுகளைக் கொண்டே அத்துமீறி நுழைபவர்களைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓர் அறிக்கை எழுதினார். 1986-இல் கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. பெர்க்லி ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் கிளிஃபர்ட் ஸ்டால் என்ற வானியல்காரர் வேலைக்கு இருந்தார். கம்ப்யூட்டரை யார் எவ்வளவு நேரம் உபயோகித்தார்கள் என்று இரண்டு கணக்குகள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. மாதக் கடைசியில் இரண்டுக்கும் 75 சென்ட் வித்தியாசம் வந்தது. நம் கணக்கில் முக்கால் டாலர். வேறு யாராவது இருந்தால் கையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். ஸ்டால் விடவில்லை. தொலைபேசிக் கம்பிகளில் அச்சு இயந்திரங்களைப் பொருத்தி, வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பதிவு செய்தார். மாதக் கணக்கில் பின்தொடர்ந்து போனால், திருடன் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் உட்கார்ந்திருந்தான்! அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களைத் துழாவிச் சோவியத் உளவாளிகளுக்கு விற்றுக்கொண்டிருந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். இரண்டு கணக்குகள் ஒத்துப் போகாததுதான் அவனைக் காட்டிக் கொடுத்தது.

இதற்கு மறு வருஷம், 1987-இல், டாரதி டென்னிங் என்ற அம்மையார் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு பதிவிலும் ஆறு விஷயங்கள் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. செய்தவர் யார், என்ன செய்தார், எதன் மேல் செய்தார், ஏதேனும் தடங்கல் உண்டா, எவ்வளவு செலவாயிற்று, எப்போது நடந்தது. இதைப் பையன் விரல் விட்டுச் சொல்லி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குப் பயந்து நெட்டுருப் போட்ட நன்னூல் கண் முன்னே வந்து நின்றது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் ஒரு வினைச்சொல்லில் ஆறு விஷயங்கள் அடங்கியிருக்கும் என்று வகுத்தார். யார், எதைக் கொண்டு, எங்கே, என்ன காரியம், எப்போது, எதை. அம்மையாரின் ஆறில் நாலு முனிவரின் ஆறிலும் இருக்கின்றன! மிச்சம் இரண்டையும், அதாவது எந்த இடம், எந்தக் கருவி என்பதையும், இன்றைய படிவங்கள் சேர்த்துக்கொண்டு விட்டன.

இதனால் கம்ப்யூட்டரை நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் மேடையேற வேண்டாம். நான் சொல்வது வேறு. பானையைக் குயவர் வனைந்தாலும், கோப்பைத் திருடன் திறந்தாலும், நடந்தது என்றால் அதற்குச் சில உறுப்புகள் உண்டு. ஏதாவது ஓர் உறுப்பை விட்டு விட்டால் வாக்கியம் நொண்டும். வாக்கியம் நொண்டினால் நியாயமும் நொண்டும்.

பொதுப் படிவம் ஒன்று ஏற்படுவதற்குப் பின்னும் முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயின. காரணம் மனித சுபாவம்தான். ஒவ்வொரு கம்பெனியும் தன் படிவமே உலகப் படிவம் ஆகவேண்டும் என்று நினைத்தது. சிஸ்லாக் முறையில் ஆபத்தின் அளவுக்கு எட்டுப் படி உண்டு. பூஜ்யம் என்றால் பேராபத்து, ஏழு என்றால் சில்லறைச் சமாசாரம். இன்னொரு முறையில் எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் வீடு எரிவதும் எறும்பு ஊர்வதும் ஒன்றாகிவிடும். அமெரிக்காவில் மைட்டர் என்ற நிறுவனம் ஒரு பொது முறையை ஆரம்பித்துப் பாதியில் விட்டது. 2019-இல் எலாஸ்டிக் என்ற கம்பெனி தன் படிவத்தை எல்லோருக்கும் திறந்து விட்டது. 2022 ஆகஸ்டில் அமேசான், ஸ்பிளங்க் முதலிய பதினெட்டுக் கம்பெனிகள், தங்களுக்குள் இருந்த வியாபாரப் போட்டியைச் சற்று ஒதுக்கி வைத்து, ஒரு பொதுப் படிவத்தை வெளியிட்டன. அதற்கு 'ஓ.சி.எஸ்.எஃப்.' என்று பெயர்.

அதன் அமைப்பு ஒரு நல்ல அஞ்சறைப்பெட்டியைப் போன்றது. முதலில் பெரிய அறைகள். இயந்திரத்துக்குள் நடப்பது 1. சோதனையில் கண்டுபிடித்த குறைகள் 2. ஆள் அடையாளமும் அனுமதியும் 3. வலைப்பின்னலில் நடப்பது 4. இப்படிப் போகிறது. மூன்றாம் அறைக்குள் '3002' என்றால் ஒருவர் தாம் இன்னார் என்று நிரூபித்து நுழைவது. அதன் பின்னால் 01 சேர்த்து '300201' என்றால் உள்ளே வந்தார், 02 சேர்த்தால் வெளியே போனார். நுழைவு பலித்ததா இல்லையா என்பதற்குத் தனிக் கட்டம். ஆபத்தின் அளவுக்குத் தனிக் கட்டம். விண்டோஸின் 4625, லினக்ஸின் வாக்கியம் எல்லாம் இந்தக் கட்டங்களுக்குள் வந்து உட்கார்ந்தால், ராத்திரி மூன்று மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மருமகன் ஒரே கேள்வியில் எல்லாக் கதவுகளையும் விசாரித்து விடுவான்.

நம் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 'செர்ட்-இன்' எனப்படும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் ஓர் உத்தரவு போட்டது. கம்பெனிகள் தங்கள் பதிவுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அத்துமீறல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டர்களின் கடிகாரமும் அரசாங்கம் குறிப்பிட்ட கடிகாரங்களோடு ஒத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பற்றிச் சட்டம் பேசுவானேன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் சாப்பாட்டு மேஜையைச் சுத்தம் செய்து, முன் வாசல் நோட்டு, பின் வாசல் ரிஜிஸ்தர், ஜெனரேட்டர் நோட்டு, காமிராப் பதிவு நாலையும் கேட்டு வாங்கி வந்து பரப்பினான். ஒரு பெரிய தாளில் கோடு போட்டான். எப்போது, யார், என்ன, எதை, எங்கே, முடிந்ததா இல்லையா, யார் எழுதியது என்று ஏழு கட்டம். கடைசியில் எட்டாவதாக ஒரு கட்டம்: எழுதியவர் எழுதிய வார்த்தை, அப்படியே, ஓர் எழுத்துகூட மாற்றாமல்.

"அது எதற்கு? அதுதான் பிரித்துப் போட்டு விட்டாயே?"

"பிரித்துப் போட்டது நான், மாமா. நான் தப்பாகப் பிரித்திருந்தால்? மூலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் படிவத்திலும் அதற்கென்று ஓர் இடம் உண்டு."

பாட பேதம் பார்க்கும் பண்டிதர் மாதிரி வரி வரியாக எழுதி வந்தான். பாதித் தாளில் நின்று விட்டான். அன்று இரவு மின்சாரம் ஒரு தடவை போயிருக்கிறது. பெரியவர் நோட்டில் "1.15 – கரண்டு போச்சு." ஜெனரேட்டர் நோட்டிலும் 1.15. காமிராப் பதிவு அறுந்த நேரம் மட்டும் 1.06. மின்சாரம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில்தானே போகும்? காமிராவின் கடிகாரம் ஒன்பது நிமிஷம் பின்னால் ஓடியிருக்கிறது! பழைய மெட்ராஸ் நேரம் சென்னீர்குப்பத்தில் ஒரு காமிராவுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது போல எனக்குத் தோன்றிற்று. காமிராவின் 2.31-ஐத் திருத்தினால் 2.40. பெரியவர் எழுதிய அதே 2.40. வண்டி போனது 2.45-க்கு. அப்போது அவர் பின் வாசலில் இருந்தார்.

இருந்தாரா? பின் வாசல் ரிஜிஸ்தரைப் புரட்டினோம். லாரியின் எண், வந்தது 2.35, போனது 3.00. எல்லாம் ஒழுங்கு. கடைசிக் கட்டத்துக்கு 'மற்றவை' என்று தலைப்பு. அதில் கோழிக் கிறுக்கலாக ஒரு வரி: "மெயின் கேட் தாத்தா வந்து கை குடுத்தார்." இரண்டு வாரமாக அந்த வரி அங்கேயேதான் இருந்தது. 'மற்றவை' என்று போட்டிருந்ததால் ஒருவரும் படிக்கவில்லை. உலகத்தில் எத்தனை உண்மைகள் 'மற்றவை'யில் கிடக்கின்றனவோ!

இங்கே ஒரு பழைய பாவத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் போடுவதெல்லாம் நன்மைக்கே என்று எண்ணிவிடக் கூடாது. 1871-இல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதுவும் ஒரு வகைப்பாடுதான். ஆனால் வகைப்படுத்தியது குற்றத்தை அல்ல, மனிதர்களை. இன்ன சமூகத்தில் பிறந்தவர் என்றால் போதும், ரிஜிஸ்தரில் ரேகை வைக்க வேண்டும், காவலர் கேட்டபோதெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அங்கே துப்பாக்கிப் பிரயோகம் நடந்து பலர் உயிர் துறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த ரிஜிஸ்தர்களிலும் கட்டங்கள் நேராகத்தான் போடப்பட்டிருக்கும். கையெழுத்தும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நடந்தது என்ன என்று கேட்கு முன்பே ஆள் யார் என்று எழுதி முடித்து விட்டார்கள்.

சென்னீர்குப்பத்துச் சங்கத்தார் செய்ததும், சிறு அளவில், அதுவேதான். இரவு, ஏழை, காவல்காரர் என்று பார்த்தவுடன் 'சந்தேகத்துக்கு உரியவர்' என்ற அறையில் பெரியவரைப் போட்டு மூடி விட்டார்கள். பிறகு பதிவுகளை அதற்குத் தகுந்தபடி படித்தார்கள். நல்ல படிவம் அப்படிச் செய்ய விடாது. அதில் அறைகள் நடந்த காரியங்களுக்குத்தான். ஆள் என்பவர் பல கட்டங்களில் ஒரு கட்டம், அவ்வளவே. எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகே தீர்ப்பு.

பையன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனான். நானும் உடன் போனேன். ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. முதலில் சிரித்தார்கள். மின்சாரம் போன வரியைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. 'மற்றவை'யைக் காட்டியதும் பேச்சும் நின்றது. கடைசியில் பெரியவருக்குப் போன் போட்டு மறுபடியும் வேலைக்கு வரச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் கிடைக்கவில்லை. அது போலீஸ்காரர் பாடு.

பெரியவர் இரண்டு நாள் கழித்து வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சம்பள பாக்கியை வாங்கி எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஓர் இடத்தில் பகல் காவலுக்குச் சொல்லி விட்டாராம். யார் மேலும் கோபமாகப் பேசவில்லை. போகும்போது பையனிடம் மட்டும் வந்து, "தம்பி, என் நோட்டுல அந்த ராத்திரிப் பக்கம் இருக்குதில்ல, அதை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க" என்றார்.

"எடுத்துத் தருகிறேன், தாத்தா. எதற்கு?"

"பொண்ணுகிட்ட காட்டணும். மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரியா பேசிட்டாங்க."

ஜெராக்ஸ் எடுத்து வரும் வரையில் அவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸுக்கு நடந்தார்.

காமிராவின் கடிகாரத்தை அன்று மாலையே திருத்தி வைத்தார்கள்.